இரண்டு காது மெசினும் ஒரு கொண்டக்டரும்

சீவரத்தினம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. பஸ் நிரம்பி வழிந்தாலும் ஆளில்லாமல் ஓடினாலும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பான். தேநீர்க் கடையிலும் நின்றபடிதான் குடிப்பான். பாதி குடித்ததும் கோப்பையை வைத்துவிட்டு, பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைக் குடிப்பான். "உமக்கென்ன காணும், காலிலை முள்ளோ?" என்று கேட்டால், "குந்தி இருந்தா எனக்கு நித்திரை வரும், நித்திரை வந்தா உமக்கு ஆர் மணி அடிக்கிறது?" என்பான்.

நான் சிமியோன். குருநகர்க்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, நான் ஒருவன்தான் பஸ் ஓட்டப் போனேன். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நான் ஓட்ட, உரும்பிராய்ச் சீவரத்தினம் ரிக்கெற் கிழித்தான். சாரதிக்குக் கண் முன்னால்தான். பின்னால் நடப்பதற்கெல்லாம் கொண்டக்டர்தான் அவனுக்குக் கண்ணும் காதும். ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு மணி அடித்தால் எடுக்க வேண்டும். யார் இறங்கி முடிந்தது, யாருடைய கால் இன்னும் படியில் இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மணி கேட்டால் கிளச்சை விடுவேன். கட்டிய மனைவியைக்கூட நான் இவ்வளவு நம்பியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு காலையில், எங்களுக்கு முன்னால் ஒரு மதகில் கண்ணிவெடி வெடித்தது. எங்களுக்காக வைத்ததல்ல. ஆனாலும் பஸ்ஸின் கண்ணாடிகள் எல்லாம் உதிர்ந்து போயின. யாருக்கும் பெரிய காயமில்லை. என் காதில் சில நாள் விசில் அடித்துக்கொண்டிருந்து பிறகு நின்றுவிட்டது. மிதிபலகையில் நின்ற சீவரத்தினத்துக்கு அது நிற்கவில்லை. வலது காது அன்றோடு போயிற்று. இடது காதில் சத்தம் கேட்கும், சொல் விளங்காது.

அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்தான். ஆட்களின் உதட்டைப் பார்த்தே ரிக்கெற் கொடுத்தான். வானத்திலிருந்து சுடும் ஆமி ஹெலி வந்தால் பயணிகளின் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டான். எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் வெளிறி மேலே திரும்பினால், ஓடி வந்து ஒரு மணி அடிப்பான். நான் மரநிழலில் ஒதுக்குவேன். இவனுக்கு எவ்வளவு கூர்மையான காது என்று நான் பெருமையாகப் புளுகிக்கொண்டு திரிந்தேன். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

ஆவரங்காலில்தான் அது வெளிப்பட்டது. தங்கமுத்து என்ற மனிசி, கத்தரிக்காய் நிறைந்த பனையோலைக் கடகத்தோடு பின்கதவால் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் நிலத்தில், மற்றது படியில். சேலை எதிலோ மாட்டிக்கொண்டது. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று அவர் கத்தியிருக்கிறார். முன்பக்கம் பார்த்து நின்ற சீவரத்தினம் இரண்டு மணி அடித்தான். நான் எடுத்தேன். சனம் எல்லாம் சேர்ந்து கூக்குரல் வைத்த பிறகுதான் நிறுத்தினேன். தங்கமுத்துவுக்கு முழங்கால் உடைந்தது. உயிர் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம், எங்களுடையதும்தான். சீவரத்தினம் ரோட்டில் உருண்ட கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு நின்றான். அப்போதுதான் நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

டிப்போவில் பரிசோதகர் சண்முகநாதன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் இதே பாதையில் கொண்டக்டராக இருந்தவர்தான். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் அசையமாட்டார். "சீவரத்தினம், காதுக்கு மெசின் ஒண்டு தேடிப் போடும். மாத முடிவிலை நான் வந்து கேட்டுப் பாப்பன். கேட்டா பஸ்ஸிலை நில்லும். கேக்காட்டி இறங்கவேணும். அதுவரைக்கும் லீவிலை நில்லும்" என்றார். மூன்று தரம் சத்தமாகச் சொன்னார். சீவரத்தினம் தலையை ஆட்டினான். வெளியே வந்து என்னிடம், "இறங்கச் சொன்னா நான் என்ன ஐசே செய்யிறது? தோட்டத்திலை வாழைக்கு ரிக்கெற் குடுக்கிறதோ?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெசின் நான்தான் தேடினேன். எங்கள் கோயிலில் இருந்த வயதான பாதிரியார் ஒருவர் காலமாகியிருந்தார். அவர் பாவித்த பெட்டி மெசின் அப்படியே கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சட்டைப் பையில் போட்டால் அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். கேட்டு வாங்கிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவன் அதை மாட்டிக்கொண்டு நின்றபோது, "கவனம் காணும், குருநகரிலை உள்ள பாவமெல்லாம் கேட்ட பெட்டி உது" என்றேன். அவனுக்குப் பாதிதான் விளங்கியது. பாதிக்குச் சிரித்தான்.

அவன் மனைவி அருமைநாயகி கெட்டிக்காரி. உதட்டைப் பார்த்து இவன் ஏமாற்றிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்வாள், இவன் இந்தப் பக்கம் நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். உப்பு, பூவரசு, மண்வெட்டி, பின்வளவு மாமியின் பெயர், நேற்று வைத்த குழம்பு. பெட்டி மெசினோடு பாதிக்கு மேல் பிழையாகத்தான் வந்தது. அக்கம்பக்கத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன பிடித்தது என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது மெசின் ஜேர்மனியிலிருந்து வந்தது. அங்கே இருந்த அருமைநாயகியின் அண்ணன், ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். காதுக்குப் பின்னால் கொளுவுவது. தோலின் நிறம், வயரும் இல்லை, பெட்டியும் இல்லை. பற்றறி ஒரு சட்டைப் பொத்தானளவு. இந்த முறை அருமைநாயகி யோசித்தாள். குழம்பும் மண்வெட்டியும் அவனுக்கு எதற்கு? பஸ்ஸில் கேட்க வேண்டிய சொல்லைத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தரிப்பிடங்களைச் சொன்னாள். ஒன்றுகூடப் பிழையாகவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் போனேன். வேலிப் படலையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சிமியோன் அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ. எங்கடை அண்ணை அனுப்பின மெசின். இவருக்கு இப்ப எல்லாம் கேக்குது."

சீவரத்தினம் உள்ளே ஓடிப்போய் மெசினைக் கொளுவிக்கொண்டு வந்தான். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் வாசலில் கதிரையில் இருந்தேன், தேநீரும் வந்தது. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் போனாள்.

"தொடங்கட்டோ?"

சீவரத்தினம் அசையாமல் நின்றான். பிறகு வேலியின் அசைவைக் கண்டோ என்னவோ, "சொல்லும், சொல்லும்" என்றான்.

"மந்திகை!"

"மந்திகை."

"மாலுசந்தி!"

"மாலுசந்தி."

நெல்லியடி, வல்லை, ஆவரங்கால், புத்தூர். சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய். அவள் சொல்லி வாய் மூடுமுன் இவன் சொன்னான். நல்லூர் வரைக்கும் ஒரு பிசகில்லை. "இண்டைக்குக் கொஞ்சம் மெல்லமாத்தான் கேக்குது ஐசே, ஆனா தெளிவாக் கேக்குது" என்றான்.

எனக்கும் சந்தோஷம் பொங்கியது. தேநீர்க் கோப்பையை வைக்க மேசைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு சின்னப் பீங்கான் தட்டில் அந்தப் பொத்தான் பற்றறி கிடந்தது.

"தங்கச்சி, உது என்ன?" என்று கேட்டேன். வேலியைச் சுற்றி வந்த அருமைநாயகி பீங்கானைப் பார்த்தாள். "காலமை கேட்டு முடிஞ்சோடனை, வீணாப் போகுமெண்டு நான்தான் கழட்டி வைச்சனான்..." என்றவள் அவன் காதைப் பார்த்தாள்.

அவன் காதில் இருந்தது வெறும் பிளாஸ்ரிக். அவன் பொய் சொல்லவில்லை, அது எனக்கு நிச்சயம். அவனுக்குக் கேட்டது போலவே இருந்திருக்கிறது. மந்திகைக்குப் பிறகு மாலுசந்திதான் வரும், அதற்குப் பிறகு நெல்லியடியைத் தவிர வேறென்ன வரும்? வருடக்கணக்காக ஒரு நாளைக்குப் பலமுறை அந்தப் பாதையில் போய் வந்தவன். வேலிக்கு அப்பால் ஒரு சத்தம் எழும்பினால் போதும், மீதியை அவன் மண்டை போட்டுக்கொள்ளும். அருமைநாயகிக்கும் அந்த ஒழுங்கு வரிசையைத் தவிர வேறு தெரியாது. அவன் குளிக்கும்போது சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியது அது.

பற்றறியைப் போட்டுவிட்டு, "இனி ஒழுங்கை மாத்திச் சொல்லும்" என்றேன். அவள் குழம்பிக் குழம்பிச் சொன்னாள். புத்தூரை நெல்லியடி என்றான். நல்லூரை வல்லை என்றான். இவன் வேலிக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தான். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "விடும் தங்கச்சி, நான் சொல்லுறன்" என்று வேலிக்குப் பின்னால் போனேன். இவன் முன்கூட்டி ஊகிக்க முடியாததாகச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன வரும்? மீன்தான் வரும். ஓரா, விளை, கிளாத்தி, சூடை, கட்டா என்று வரிசையாக எடுத்து விட்டேன். ஒன்றுக்கும் அவன் வாய் திறக்கவில்லை. கோபத்தோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"கேக்கேல்லையோ?"

"ஏதோ கேக்குது. அப்பிடி ஒரு சொல்லு தமிழிலை இருக்கோ?"

அவன் வீட்டில் வருடத்தில் பாதி நாள் விரதம். மீதி நாளில் மீன் என்றால் மீன், அவ்வளவுதான். மனைவி கேட்டது அவனுக்கு மிகவும் தெரிந்தது, நான் கேட்டது துப்புரவாகத் தெரியாதது. அவன் காது எப்படி இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாத முடிவுக்கோ அதிக நாள் இல்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அருமைநாயகி சிரித்துவிட்டாள். பிறகு நாங்களும் சிரித்தோம். அது சந்தோஷச் சிரிப்பல்ல.

மறுநாளே அவனை என் பஸ்ஸில் சும்மா ஏற்றினேன். வேறு கொண்டக்டர் மணி அடிக்க, இவன் மிதிபலகையில் நின்று இரண்டு மெசினையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பஸ் நின்றிருக்கும்போது ஜேர்மன் மெசின் நன்றாகத்தான் கேட்டது. வல்லை வெளிக்கு வந்ததும் காற்றுப் புகுந்து காதுக்குள் இரைந்ததாம், அதைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டான். பெட்டி மெசினுக்குக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் காசுப்பையின் வார் அதில் உரசிக் கரகரத்தது. சில்லறை கிலுங்கினால் தேவாலய மணி அடிப்பது போல இருக்கிறது என்றான்.

நெல்லியடி தாண்டியதும் எரிச்சலில் பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கை போறியள்?" என்று ஒரு கிழவரை வேண்டுமென்றே கேட்டான். பெட்டி கிழவரின் வாய்க்கு நேரே இருந்தது.

"மந்திகைக்கு, ஆசுபத்திரிக்கு. மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு."

சீவரத்தினம் என் பக்கம் ஓடி வந்தான். "பிள்ளை பிறந்திருக்காம் ஐசே! பிள்ளை பிறந்திருக்காம்!" என்று கத்தினான். முன் சீற்றில் இருந்தவர்கள் அவனுக்குத்தான் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். அது ஒழுங்கில் இல்லாத சொல். அவன் ஊகித்திருக்க முடியாத சொல்.

அதன்பிறகும் தினமும் என்னோடு சும்மா வந்தவன் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டான். பிச்சை கேட்பது போல நீட்டுகிறானே என்று முதல் நாள் சிரித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆட்கள் தாங்களாகவே பெட்டிக்குக் கிட்டக் குனிந்து சொன்னார்கள். முன்னால் நின்று பேசினால் கேட்டது. முதுகுக்குப் பின்னால் யாராவது கத்தினால்? அதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் பஸ்ஸிலேயே நிற்க வேண்டும், எனக்கு வேறு கொண்டக்டர் வேண்டாம். எனக்கு அதுதான் தேவையாக இருந்தது.

சொன்னபடி சண்முகநாதன் வந்தார். பருத்தித்துறைத் தரிப்பில், பயணிகள் ஏறுமுன், எஞ்சினை ஓடவிடச் சொன்னார். நான் சாரதி சீற்றில் இருந்தேன். சீவரத்தினத்தை என் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, அவர் பின்கதவுக்குப் போனார். சீவரத்தினம் பெட்டியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டிப் பிடித்தான். கால் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவன் முகமும், அதற்குப் பின்னால் தூரத்தில் சண்முகநாதனும் தெரிந்தார்கள்.

"மந்திகை இறக்கம்!" என்றார் சண்முகநாதன், இறங்கப்போகும் பயணியைப் போல.

"மந்திகை."

"மாலுசந்தி இறக்கம்!"

"மாலுசந்தி."

அடுத்தது வேறாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனா, அதுவாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நெல்லியடி" என்றார். பிறகு வல்லை. அந்த மனிதரும் பழைய கொண்டக்டர் அல்லவா? அவர் நாக்கும் அந்த ரோட்டிலேயேதான் ஓடியது. ஆவரங்கால், புத்தூர், சிறுப்பிட்டி. சீவரத்தினம் ஒன்றையும் விடவில்லை. சண்முகநாதன் முகத்தில் திருப்தி தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். நல்லூர் வந்துவிட்டால் வெற்றி. நான் ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"நீர்வேலி இறக்கம்!"

சீவரத்தினம் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

"ஐயா, ஒழுங்கை மாத்திக் கேளுங்கோ."

"என்ன?"

"இப்பிடிக் கேட்டா எனக்குக் காதே தேவையில்லை ஐயா. மாத்திக் கேளுங்கோ."

சண்முகநாதன் அவனை மறுபடி முன்பக்கம் பார்த்து நிற்கச் சொன்னார். பிறகு மாற்றிக் கேட்டார். இடையிடையே "நில்", "கால்", "பிள்ளை விழுது" என்றும் கத்திப் பார்த்தார். சிலது கேட்டது. பலது கேட்கவில்லை. "பிள்ளை விழுது" கேட்கவே இல்லை.

அந்த மாதத்தோடு அவன் பஸ்ஸை விட்டு இறங்கினான். சண்முகநாதன் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை, பருத்தித்துறைத் தரிப்பில் நேரம் பார்ப்பவனாக வைத்தார். மேசையும் கதிரையும் கொடுத்தார்கள். கதிரையில் சீவரத்தினத்தின் குடைதான் இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் புறப்படுமுன் சுற்றி வந்து இரண்டு படியையும் குனிந்து பார்ப்பான். யாரும் அவனிடம் அந்த வேலையைக் கேட்கவில்லை. பஸ்கள் ஓடிய காலம் வரைக்கும் அப்படித்தான் செய்தான். பொருளாதாரத் தடையால் காது மெசின் பற்றறி யாழ்ப்பாணத்தில் கிடைக்காமற் போன தொண்ணூறுகளில், இரண்டு மெசினும் இல்லாமலும் அதையே செய்தான். தங்கமுத்து நொண்டி நொண்டி ஏறும்போது மட்டும் அவரே கடகத்தைத் தூக்கி இவன் கையில் கொடுப்பார். இருவரும் ஒன்றும் கதைப்பதில்லை.

சோதனை நடந்த அன்று நான் அவனைச் சும்மா விடவில்லை. சண்முகநாதன் போனதும் தேநீர்க் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். மடையன் என்றேன். மனைவியின் முகத்தில் எப்படி முழிக்கப் போகிறாய் என்றேன். இனி எவனோ ஒருவனின் மணிக்கு நான் பஸ் எடுக்க வேண்டுமே என்றேன். சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால், பெட்டி அவன் சட்டைப் பைக்குள் அணைத்து வைத்தபடி கிடந்தது. அவன் அதை எடுத்துத் திருகி, என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"இப்ப சொல்லும்."

எல்லாவற்றையும் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பிருக்கவில்லை. "ஏன் காணும் வாயைத் திறந்தனீர்? பேசாமல் நிண்டிருந்தா பாஸ்" என்றேன்.

"கண்ணாடியிலை உம்மடை முகத்தைப் பாத்தனான்" என்றான். "நான் ஒவ்வொண்டாச் சரியாச் சொல்லச் சொல்ல, உமக்கு வேர்த்துக்கொண்டு வந்தது. ஹெலி வரேக்கை சனத்தின்ரை முகம் இருக்குமே, அப்பிடி இருந்தது. நான் மணி அடிக்க நீர் பயந்து பயந்து எடுக்கிறதெண்டா, அது என்ன ஐசே ஓட்டம்?"

எனக்குப் பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்டி இன்னும் என் வாய்க்கு நேரேதான் இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.